கட்-ஆஃப் காலமும் நீட் காலமும்: நெய்வேலியிலிருந்து பல் மருத்துவப் படிப்புக்கு

நெய்வேலி நகரியத்தில் ஒரு பிள்ளை பல் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், அறிவுரை சொல்ல முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் 2016க்கு முன்னால் பிளஸ் டூ முடித்தவர்கள். சித்தப்பா, மாமா, எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வரி விடாமல் படி, ஒரு கேள்வியையும் எழுதாமல் வராதே, பயாலஜியில் இருநூறு எடு என்பார்கள். அவர்கள் காலத்தில் இது சோதித்துப் பார்த்த வழி. இதைப் பின்பற்றி டாக்டரானவர்கள் நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். அதனால்தான் இன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதே அறிவுரையை யாரும் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு தேர்வு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த அறிவுரையில் எது இன்னும் நிற்கிறது, எது பிள்ளையின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது தெரியும்.

முதலில் காலவரிசை. தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்கு மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. 2006இல் இயற்றப்பட்ட சட்டம் அதை ஒழித்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றுதான் வழி. 2017 முதல் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் நீட். நான் ஒப்பிடுவது நடுவிலிருந்த அந்தப் பத்தாண்டையும் அதற்குப் பின் வந்த காலத்தையும்.

அந்தப் பத்தாண்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்பட்டது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நீட் 720க்கு. உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. விகிதம் மாறவே இல்லை: இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. உயிரியல்தான் பாதி என்று அக்கா சொல்வது இன்றைக்கும் உண்மை. ஆனால் ஒரு பிழைக்கு என்ன விலை என்பது தலைகீழாகிவிட்டது. அன்று இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் கால் மதிப்பெண் போகும், உயிரியலில் குறைந்தால் அரை. அந்தக் காலும் அரையும்தான் இடத்தைத் தீர்மானித்தன. மேல் வரிசையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கட்-ஆஃபில் நெருக்கி நிற்க, வேறெதிலும் பிரிக்க முடியாதவர்களைக் கடைசியில் ரேண்டம் எண்ணால் வரிசைப்படுத்தினார்கள். அது பிழையே செய்யாத பிள்ளையைத் தேடிய முறை. நீட்டில் சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்குக் கழித்தல் ஒன்று. தெரிந்த கேள்வியில் தடுமாறினால் ஐந்து மதிப்பெண் இறங்கும். அப்படியிருந்தும் பல கேள்விகளைத் தவறவிட்டவர்கூட நல்ல இடம் பெற முடியும். எதை விடுவது என்று தெரிந்தவருக்கு இந்தத் தேர்வு இடம் கொடுக்கிறது.

‘எதையும் விடாதே’ என்ற பழைய விதியை இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றுமே தெரியாத நூறு கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் வட்டத்தைக் கறுப்பாக்கினால், சராசரியாக 25 சரியாகும். 100 மதிப்பெண் வரும், 75 போகும், மிஞ்சுவது 25. அவ்வளவு கறுத்த வட்டங்களுக்கு அது ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதிர்ஷ்டம் சரியில்லாவிட்டால் கழித்தலிலும் முடியும். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு கேள்வியும் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் தரும். ஆகவே பயிற்சித் தேர்வு எழுதும்போது கேள்விகளை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்: உறுதி, பாதி உறுதி, தெரியாது. தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், ‘பாதி உறுதி’யில் எத்தனை தேறின என்று பார்க்க வேண்டும். தன் ஊகத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பிள்ளைக்கு இதிலிருந்துதான் தெரியவரும். பழைய பொதுத்தேர்வில் இந்தத் திறனுக்கு வேலையே இல்லை. அதனால் நம் வீடுகளில் இதைச் சொல்லித்தர ஆளில்லை.

இனி, இரண்டு காலங்களுக்கும் இடையிலான மிகப் பெரிய வித்தியாசம். என் கருத்தில் மற்ற எல்லாமே இதற்குப் பின்னால்தான். அது பதினொன்றாம் வகுப்பு.

கட்-ஆஃப் காலத்தில் பதினொன்றின் மதிப்பெண் எதற்கும் உதவவில்லை. பெயர் பெற்ற பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை ஓராண்டு முன்பே தொடங்கிவிடுவார்கள். பெற்றோரும் அதைக் கேட்டே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரே புத்தகம், பின்பக்கக் கேள்விகள், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று காட்டும் புளூ பிரிண்ட், திரும்பத் திரும்ப மாதிரித் தேர்வு. இந்த முறையில் இருநூறுக்கு இருநூறு எடுத்த பிள்ளைகளின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உழைப்பு செல், உயிரிமூலக்கூறுகள், விலங்குலக வகைப்பாடு, மனித உடலியங்கியல், இயக்க விதிகள், வெப்ப இயக்கவியல், வேதிப் பிணைப்பு எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் போனது. நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்பு. 2017இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிலைகுலைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தேர்வுக்குச் சில மாதங்கள் முன்புவரை விலக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்றே தெரியாமல் வைத்திருந்தது ஒன்று. பாதிப் பாடத்தைப் பள்ளியே நடத்தாமல் விட்டிருந்தது இன்னொன்று.

பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் குழுமூர் அனிதாவை இங்கே நினைக்காமல் கடக்க முடியாது. பிளஸ் டூவில் 1200க்கு 1176, கட்-ஆஃப் 196.75, நீட்டில் 720க்கு 86. ஒரே பிள்ளை, ஒரே மூளை, ஒரே ஆண்டு. இரண்டு தேர்வுகளும் அளப்பது ஒன்றையே என்றிருந்தால் இந்த எண்கள் இப்படி இருந்திருக்க முடியாது. அவர் கேட்கப்பட்டதையெல்லாம் செய்து முடித்தவர். கேட்பவர் நடுவழியில் கேள்வியை மாற்றிவிட்டார். அந்தப் பெண்ணை நாம் இழந்தது 2017 செப்டம்பர் முதல் நாளில்.

அதன்பிறகு மாநில அரசு பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. அந்த ஆண்டே பதினொன்றுக்குப் புதிய பாடநூல், அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்கு. கனமான, நல்ல புத்தகங்கள். பொதுத்தேர்வு இருந்த வரையில் பள்ளிகளால் பிளஸ் ஒன்னைத் தாண்டிப் போக முடியவில்லை. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறையட்டும் என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருத்துவமோ பல் மருத்துவமோ படிக்க நினைக்கும் பிள்ளையின் வீட்டில் இதை விடுமுறையாக எடுத்துக்கொண்டால் 2016க்கே திரும்பிப் போனதாகத்தான் ஆகும். பிளஸ் ஒன்னின் முதல் பருவத்திலேயே மனித உடலியங்கியலையும் இயக்கவியலையும் தன் கையால் குறிப்பெடுத்து முடிக்கிற பிள்ளை, பிளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகு ‘கிராஷ் கோர்ஸ்’ தேடி அலைகிறவரைவிட வெகுதூரம் முன்னால் நிற்கும்.

இயற்பியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய தேர்வில் ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் வருவித்தல்களைப் பாராமல் எழுதத் தெரிந்தால் இயற்பியலில் முழு மதிப்பெண்ணை நெருங்கிவிடலாம். செய்முறைக்கும் மதிப்பெண் கையில் இருக்கும். நீட்டில் வருவித்தல் கேட்பதில்லை. வருவித்த சூத்திரத்தைப் புதிய சூழலில் பொருத்தி, ஒரு நிமிடத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. 180 நிமிடம், 180 கேள்வி. உயிரியலின் தொண்ணூறையும் ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்க முடிந்தால்தான் இயற்பியலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆக, உயிரியலை வேகமாகப் படித்துப் புரிந்துகொள்வது இயற்பியலுக்கும் உதவுகிறது. அந்த வேகத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வாசகம் பழகியிருக்க வேண்டும். உயிரியல் கேள்விகள் பலவும் அந்த வாசகத்தை ஒட்டியே வருகின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளை தமிழிலேயே நீட் எழுதலாம். வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வரும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலப் பாடமே இறுதி. எனவே தமிழில் படித்தாலும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அன்று அதுவே எல்லாம். இன்று இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. அதற்கு மேல் எடுப்பது பல் மருத்துவ இடத்துக்கு ஒரு படி கூட உயர்த்தாது.

இரண்டாவது முயற்சி என்ற ஒன்று வந்ததில் நெய்வேலியின் இரு முகங்களும் தெரிகின்றன. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, 2020–21இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து திரும்ப எழுதியவர்கள் என்று பதிவு செய்தது. ஓராண்டு காத்திருக்க முடிவது யாரால்? சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யில் பர்மனென்ட் தொழிலாளியின் பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, கரன்ட் உண்டு, மரநிழல் விழும் தெருவும் நூலகமும் உண்டு. கோச்சிங்குக்குச் சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ அனுப்ப அப்பாவுக்குக் கடன் கிடைக்கும். அதே சுரங்கத்தில் அதே ஷிஃப்டில் இறங்கும், கூட்டுறவுச் சங்கம் வழியாக வேலை பார்க்கும் சொசைட்டி தொழிலாளியின், கான்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளை மந்தாரக்குப்பத்திலோ சுற்றுக் கிராமத்திலோ இருக்கிறது. ஓராண்டு வீட்டில் இருப்பதென்றால் அந்த வீட்டுக்கு அது ஓராண்டுச் சம்பளம் இல்லாமல் போவது. கட்-ஆஃப் முறையிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது, விடுதிப் பள்ளிகளின் கட்டணம் எல்லோராலும் கட்டக்கூடியதாக இருக்கவில்லை. ஆனாலும் அன்று புத்தகம் ஒன்றுதான், அது அரசுப் பள்ளியில் இலவசமாகக் கிடைத்தது. இந்த ஒரு விஷயத்தில் பழைய முறை நியாயமானது என்பதே என் முடிவு. படித்தவர் புரிந்து படித்தாரா என்று சோதித்ததில் புதிய முறை மேல்.

இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்க வந்ததுதான் 7.5 சதவீத ஒதுக்கீடு. நீட் வந்த பிறகு மருத்துவத்தில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணும் நிலை வந்தது. 2020 அக்டோபரில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியது. முதல் ஆண்டிலேயே 405 இடங்கள், அவற்றில் 92 பல் மருத்துவம். தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. நெய்வேலிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு பள்ளியின் பெயரில் பொதுத்துறை நிறுவனம் இருப்பதாலேயே அது இந்தச் சட்டம் சொல்லும் அரசுப் பள்ளியாகிவிடாது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளிக்கு மாற்றுவது என்ற முடிவு, ஏழாண்டு கழித்து வரும் கலந்தாய்வில் எந்த வரிசையில் நிற்பது என்பதையும் தீர்மானிக்கிறது. கட்-ஆஃப் காலத்துப் பெற்றோருக்கு இப்படி ஒரு கணக்கே இருந்ததில்லை. அன்று அரசுப் பள்ளியை விட்டு வெளியே வருவதுதான் வாய்ப்பைக் கூட்டும் வழி என்று எல்லோரும் நம்பினார்கள்.

அரசு இடம் என்று சொல்லும்போது நமக்கு மிக அருகில் இருப்பது சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் தொடங்கியது. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் 2013இல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் கட்டணம் லட்சங்களில்தான் இருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் கொண்டுவந்து, மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணத்தையே நிர்ணயித்தார்கள். அப்போது பி.டி.எஸ்.ஸுக்கு அது ஆண்டுக்கு 11,610 ரூபாயாக இருந்தது. கட்-ஆஃப் காலத்தில் சென்னையிலிருந்த தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில்தான் குறைந்த கட்டணம். இன்று சென்னை, சிதம்பரம், 2023இல் வந்த புதுக்கோட்டை என்று மூன்று. நெய்வேலிப் பிள்ளைக்கு இந்த ஒரு வகையில் இன்றைய காலம் அன்றையதைவிடத் தெளிவாகவே நல்லது.

இரண்டு முறைகளும் ஒன்றுபோலக் கைவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பல் மருத்துவம் கைவேலை. முதலாண்டிலேயே மெழுகுக் கட்டியைக் கொடுத்து, கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களோடு செதுக்கச் சொல்வார்கள். அந்தக் கை இருக்கிறதா என்று பிளஸ் டூவும் கேட்கவில்லை, நீட்டும் கேட்கவில்லை. அமெரிக்காவின் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் 1970களின் தொடக்கம் வரை சாக்கட்டியைச் செதுக்கிக் காட்ட வேண்டும். கனடாவில் அண்மைக் காலம் வரை சோப்புக் கட்டி. இப்போதும் அமெரிக்கத் தேர்வில் ஒரு வடிவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் கேள்விகள் தனிப் பகுதியாக உண்டு. பல் மருத்துவர் ஒருவரோடு பல மணி நேரம் இருந்து பார்த்த அனுபவமும் நேர்முகமும் அங்கே எடைபோடப்படுகின்றன. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்முகத்துக்கு மதிப்பெண் கொடுத்த காலம் நமக்கும் இருந்தது. அது நடத்தப்பட்ட விதத்தை 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. யாருக்கு ஆள் தெரியும் என்பதே மதிப்பெண்ணாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் சேர்வதற்கு முன் ஊரிலிருக்கும் பல் மருத்துவரிடம் அனுமதி கேட்டுச் சில மாலைகள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. எச்சிலும் ரத்தமும் குனிந்த முதுகும் பயந்து அழும் குழந்தையும் சேர்ந்ததுதான் அந்த வேலை என்று தெரிந்த பிள்ளை, கலந்தாய்வில் தடுமாறாது.

கலந்தாய்வில் அந்தத் தெளிவுக்கு நேரடியான பயன் உண்டு. நம் ஊரில் பி.டி.எஸ். கேட்பவர்களில் பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள். அன்று சென்னைக்கு ரயிலேறிப் போய், திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, பெயரைக் கூப்பிட்டதும் சில நிமிடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் இணையத்தில் விருப்பப் பட்டியல். இந்தப் பட்டியலைப் பலர் பயத்தோடு நிரப்புகிறார்கள். கிடைக்காது என்று நினைத்துச் சிதம்பரத்தைக் கீழே போட்டுவிட்டு, கிடைக்கும் என்று நினைக்கும் சுயநிதிக் கல்லூரியை மேலே போடுகிறார்கள். தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்தே இடம் தருவார்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதனால் இழப்பில்லை. உண்மையில் எதை விரும்புகிறோமோ அந்த வரிசைதான் சரியான வரிசை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீதத்துக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் நம்பிக்கை இழந்து கலைக்கல்லூரியில் சேர்ந்துவிடும் வழக்கமும் பழைய காலத்தின் மிச்சம்தான். பல் மருத்துவ இடங்கள் கடைசிச் சுற்றுகளில் நகர்கின்றன, பி.டி.எஸ். எடுத்தவர்கள் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறும்போது அவை திறக்கின்றன. 2020–21இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. 2021 பிப்ரவரியில் தகுதி அளவைப் பத்துப் பெர்சென்டைல் குறைத்து நிரப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம். அவற்றில் பெரும்பகுதி சுயநிதி இடங்கள், கட்டணம் வீட்டுக்குத் தாங்குமா என்பதைத் தனியே யோசிக்க வேண்டும். ஆனால் யோசிப்பதற்காவது வரிசையில் நிற்க வேண்டும். சாதிச் சான்றிதழ், பள்ளியின் படிப்புச் சான்று எல்லாம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே கையில் இருக்கட்டும். ராஜஸ்தானின் பர்சிங்சாரில் உள்ள என்.எல்.சி. சுரங்கத்துக்கு மாற்றலாகிப் போய்ச் சில ஆண்டுகள் அங்கே பிள்ளையைப் படிக்க வைத்துத் திரும்பிய குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்றிதழும் தேவைப்படும். அதை வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதைக் கலந்தாய்வு அறிவிப்பு வந்த வாரத்தில் தொடங்கக் கூடாது.